இதயத்தின் வாசலில் ஒரு குழாய்

குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் கருவியே சில சமயம் எமனாகிறது

ஒரு கிலோகூடத் தேறாத குழந்தை. உடலில் ஓடும் மொத்த ரத்தம் 100 மில்லிலிட்டர்கூட இராது. குடல் இன்னும் பாலை முழுதாக ஏற்கத் தயாரில்லை. கையில் ஊசி குத்தி 12.5 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியான குளூக்கோஸை ஏற்றினால் மெல்லிய ரத்தநாளம் புண்ணாகிவிடும். எனவே டாக்டர்கள் தொப்புள்கொடியின் சிரை வழியாகவோ கை, கால் சிரை வழியாகவோ மெல்லிய குழாயை இதயத்தின் வாசல்வரை செலுத்துகிறார்கள். 1940களில் பாஸ்டனில் லூயி டைமண்ட், குழந்தைகளுக்கு ரத்தம் மாற்றத் தொப்புள் சிரையில் பிளாஸ்டிக் குழாய் செருகினார். இன்று பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சையை இத்தகைய குழாய் இல்லாமல் நினைத்துப் பார்ப்பது கடினம்.

சிக்கல் அந்த 'வாசல்வரை'யில்தான். முனை இதயத்துக்கு வெளியே, பெருஞ்சிரையில் நிற்க வேண்டும். கொஞ்சம் தாண்டினால் உள்ளே. கைவழிக் குழாய் என்றால் குழந்தை முழங்கையை மடக்கினாலே முனை நகரும். அது இதயச் சுவரில் உரசிக்கொண்டிருந்தால், ஏற்றப்படும் சத்துத் திரவம் சுவரை அரித்து இதய உறைக்குள் கசியலாம். சில மில்லிலிட்டர் போதும், இதயம் விரிய இடமில்லாமல் திணறும். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று வெளிறித் துவளும். அப்போது யாராவது குழாயைச் சந்தேகித்து, மார்பில் ஊசி செலுத்தித் திரவத்தை உறிஞ்சினால் பிழைக்க வாய்ப்புண்டு. வெளிவருவது சில சமயம் பால்போல் வெண்மையாக இருக்கும்: நரம்பில் ஏற்றிய கொழுப்புச் சத்து. மான்செஸ்டரில் நான்கு குழந்தைகள் இப்படி இறந்த பிறகு பிரிட்டன் சுகாதாரத் துறை ஆராய்ந்து 2001ல் அறிக்கை வெளியிட்டது. முனை இதய அறைக்குள் இருக்கக் கூடாது என்றது.

தொப்புள் குழாய் வழிதவறிக் கல்லீரலுக்குள் போவதும் உண்டு. கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைந்தால் அப்போதைக்கு எதுவும் தெரியாமல் போகலாம். பல ஆண்டுகள் கழித்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளை ரத்த வாந்தி எடுக்கும்போது குழாயை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இவற்றைவிட அடிக்கடி வருவது கிருமித் தொற்று. குழாய் தங்கும் நாள் கூடக்கூட ஆபத்தும் கூடும். தொப்புள் குழாயை 7 நாட்களுக்குள் எடுத்துவிடுவது நல்லது என்பதே இப்போதைய கருத்து.

மேற்கு வங்கத்தின் புருலியாவில் 2003ல் தொடங்கிய பச்சிளம் குழந்தைகள் பிரிவு முன்மாதிரியாகி, இன்று நாடெங்கும் மாவட்ட மருத்துவமனைகளில் இத்தகைய பிரிவுகள் உள்ளன. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் குழாய் செருகத் தெரிந்தால் மட்டும் போதாது. இரவு 2 மணிக்கு எக்ஸ்ரே எடுக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு குழந்தையைத் தொடுமுன்னும் கை கழுவ நர்சுக்கு அவகாசம் வேண்டும். 'இந்தக் குழாய் இன்றும் தேவையா?' என்று தினமும் காலையில் யாராவது கேட்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தந்தையும் கேட்கலாம்.