தில்லிக் கணப்புகளின் செங்கல் முகம்

1911 டிசம்பரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் முடிவு அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர், ராபர்ட் டோர் ரஸ்ஸல் முதலான கட்டடக்கலைஞர்களின் கைவண்ணத்தில் உருவாகி, 1931இல் திறந்துவைக்கப்பட்ட புது தில்லியின் பங்களாக்கள், உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமுமாகக் கோடை வெயிலை எதிர்பார்த்தே கட்டப்பட்டன. ஆனால், ஜனவரி இரவுகளில் குளிர் எலும்பைத் தொடும் ஊர் அது என்பதால், கூடங்களில் கணப்பும் இடம்பெற்றது. கணப்பு என்பது குளிர்காய்வதற்காகச் சுவரிலேயே குடைந்தாற்போல் அமைக்கும் தீ மாடம். அதில் விறகோ கரியோ எரியும்போது எழும் புகையைச் சுவருக்குள்ளேயே மேலேறும் புகைபோக்கி கூரைக்கு வெளியே கொண்டுபோய்விடும். உதகையின் பழைய பங்களாக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இத்தகைய பழைய வீடுகளில் கணப்பின் தோற்றத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் பின்னாளில் ஏறிய பூச்சுகளே. செங்கல்லின் மீது அடுக்கடுக்காக எண்ணெய் வண்ணம் பூசும்போது அதன் நுண்துளைகள் அடைபட்டு, சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி நிற்கிறது. அந்த ஈரத்தில் கரைந்த உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகித் தள்ள, வண்ணம் பொருக்குவிட்டு உதிர்கிறது. இதையே கொத்தனார்கள் உப்புப் பூத்தல் என்கிறார்கள். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைப்பது இன்னொரு கேடு. செங்கல்லைவிடச் சிமெண்ட் கடினமானது என்பதால், சுவர் அசையும்போது உடைவது செங்கல்தான்.

ஆகவே புதுப்பிக்கும் வேலையைக் கூரையிலிருந்தே தொடங்க வேண்டும். திறந்து கிடக்கும் புகைபோக்கி வழியே மழைநீர் இறங்கும்வரை கீழே எந்தப் பூச்சும் நிலைக்காது. எனவே காற்று போக இடம்விட்டு அதற்கு மூடி போடுவது முதல் வேலை. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்குள், கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல்தான் வந்தன. ஆதலால் பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்காமல், கரைப்பான் பசை தடவி ஈரத்தோடு வழித்தெடுப்பதே குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு. மணலைப் பீய்ச்சித் துப்புரவாக்குவது கூடவே கூடாது. சூளையில் வெந்து இறுகிய மேல்தோலை இழந்த செங்கல் பொடிந்துகொண்டே இருக்கும்.

அதன் பின் சுண்ணாம்பு அடிப்பதே தலைசிறந்த வழி. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, நீர்த்த பால் பதத்துக்குக் கரைத்து, முன்கூட்டியே நனைத்த செங்கல்லில் மெல்லியதாகப் பூச வேண்டும். பூசிய கணத்தில் செங்கல்லின் சிவப்பு அப்படியே தெரிவதைக் கண்டு, போதவில்லை என்று பலர் தடிமனாக அப்பிவிடுகிறார்கள். அது பின்னர் வெடிக்கும். பூச்சு காயக் காயத்தான் வெண்மை மெல்ல எழும்பும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று, நான்கு முறை பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துச் சுண்ணாம்பு மீண்டும் கல்லாக இறுகும். சுவரும் மூச்சு விடும். சற்றே காவி கலந்தால் தோல்பூர் மணற்கல்லின் இளஞ்சாயல் கிடைக்கும்.

இன்றைய தில்லியில் கணப்பில் விறகு எரிப்பது முறையாகாது. காற்று மாசு மிகும் நாட்களுக்கென 2017இல் அறிவிக்கப்பட்ட படிநிலைச் செயல்திட்டம், உணவகத் தந்தூர்களில்கூடக் கரியையும் விறகையும் தடுக்கிறது. மாடத்துக்குள் மின் கணப்பு வைக்கலாம், அல்லது பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை நிறுத்தலாம். உட்சுவரின் கரியையும் வெள்ளையால் மறைக்க முயல்வோர் உண்டு. சுண்ணாம்பைத் தாண்டிப் புகைக்கறை பழுப்பாக மேலே ஊறிவிடும். அந்தக் கருமையை விட்டுவைத்தால், வெளுத்த செங்கல் முகப்புக்கு அதுவே ஆழம் தரும்.