"கூகுள் மூலம் உள்நுழைக": அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

புதிய செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் திறந்தவுடன் "கூகுள் மூலம் உள்நுழைக", "பேஸ்புக் மூலம் தொடர்க" என்று பொத்தான்கள் வருகின்றன. அழுத்திவிடுகிறோம். அடுத்து ஒரு திரை வரும். இந்தச் செயலி உங்கள் பெயரைப் பார்க்கும், மின்னஞ்சல் முகவரியைப் பார்க்கும், சிலவேளை உங்கள் தொடர்பு இலக்கங்களையும் டிரைவில் உள்ள கோப்புகளையும் பார்க்கும் என்று எழுதியிருக்கும். அதையும் அழுத்திவிடுகிறோம். என்னிடம் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களிடம் அந்தத் திரையை முழுதாக வாசித்தவர் யார் என்று கேட்டால் ஒரு கையும் உயர்வதில்லை. பெற்றோரும் அப்படித்தான்.

இந்த ஏற்பாட்டின் பெயர் ஓஆத். இதற்கு முன்னர், உங்கள் நண்பர்களைத் தேடித்தருகிறோம் என்று கூறும் தளங்கள் உங்கள் ஜிமெயில் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கின. அது வீட்டுத் திறப்பு, பெட்டகத் திறப்பு, காணி உறுதி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அந்நியரிடம் கொடுப்பதற்குச் சமம்.

கட்டாருக்குப் போகும் ஒருவர் ஊரில் உள்ள மச்சானுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பதை நாம் அறிவோம். இந்தக் காணியை விற்பதற்கு மாத்திரம் என்று விசேட தத்துவம் எழுதலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுத் தத்துவமும் எழுதலாம். பிக்ஹில் வகாலத் பற்றிப் படித்தவர்களுக்கும் இது புதிதல்ல. பொறுப்பேற்றவர் ஒப்படைக்கப்பட்ட விடயத்துக்கு அப்பால் போக முடியாது. ஓஆத் செய்வதும் இதைத்தான். செயலி உங்களைக் கூகுளிடம் அனுப்புகிறது. நீங்கள் கடவுச்சொல்லைக் கூகுளுக்கு மாத்திரம் கொடுக்கிறீர்கள். இன்னின்னதை மட்டும் செய்யலாம் என்ற வரையறையோடு கூகுள் அந்தச் செயலிக்கு ஒரு டோக்கன் வழங்குகிறது. கடவுச்சொல் செயலியின் கைக்குப் போவதே இல்லை.

இவ்வளவு எளிமையான எண்ணம்தான். 2006 நவம்பரில் டுவிட்டர் பொறியியலாளர் பிளேன் குக் உள்ளிட்ட சிலர் பேசத் தொடங்கி, 2007 டிசம்பரில் முதற் பதிப்பு வந்தது. 2009 ஏப்ரலில் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு மாதங்களில் திருத்தப்பட்டது. ஆனால் அந்தப் பதிப்பில், செயலி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் கணித முறையிலான கையொப்பம் இருக்க வேண்டும். அதைச் சரியாக எழுத முடியாமல் பலர் திணறினார்கள். அதனால் 2012 ஒக்டோபரில் வெளியான ஓஆத் 2.0 இல் கையொப்பம் கைவிடப்பட்டது. அதன் அடிப்படை ஆவணமான ஆர்.எப்.சி. 6749 மாத்திரம் 76 பக்கங்கள்.

அது வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அதன் பிரதான தொகுப்பாளராக இருந்த எரன் ஹேமர் ஜூலையில் விலகித் தன் பெயரையும் நீக்கச் செய்தார். பெரிய நிறுவனங்களின் தேவைகள் உள்ளே புகுந்து, எதையும் எப்படியும் செய்யலாம் என்ற அளவுக்குத் தெரிவுகள் பெருகிவிட்டன. முன்னையதைவிடச் சிக்கலானது, பாதுகாப்பும் குறைவு என்பது அவரது முறைப்பாடு.

கையொப்பம் போனதும் டோக்கன் பணத்தாள் போலாகிவிட்டது. யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது செல்லும். 2018 செப்டம்பரில் பேஸ்புக்கில் நடந்த திருட்டில் ஏறத்தாழ 3 கோடிக் கணக்குகளின் டோக்கன்கள் களவு போயின. திருடர்களுக்குக் கடவுச்சொல் தேவைப்படவே இல்லை.

ஓட்டைகள் தெரியவர ஆவணங்களும் பெருகின. ஆபத்துகளை விளக்க மாத்திரம் 2013 ஜனவரியில் 71 பக்கங்களில் ஓர் ஆவணம். ஒரு செயலிக்கு வரவேண்டிய இடைக்காலக் குறியீட்டை அதே தொலைபேசியில் உள்ள இன்னொரு செயலி பிடித்துக்கொள்வதைத் தடுக்க 2015 இல் ஒன்று. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு 2019 இல் ஒன்று. 2023 இல் வந்ததுதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது: டோக்கனைத் திருடினாலும் உரிய செயலியிடமுள்ள இரகசியத் திறப்பு இல்லாமல் அது பயன்படாதபடி செய்யும் முறை. அதாவது, சுமை என்று 2012 இல் இறக்கிவைத்த கையொப்பம் வேறு உடுப்பில் திரும்பி வந்தது! 2025 ஜனவரியில் வந்த ஆர்.எப்.சி. 9700, முதல் ஆவணத்தில் அனுமதிக்கப்பட்டிருந்த சில வழிகளையே பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

இது பெரிய நிறுவனங்களின் சதி என்போரும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலே சொன்ன ஒவ்வொன்றும் உண்மையான ஓர் ஓட்டையை அடைக்கவே வந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். இத்தர நிர்ணயங்களை யாரும் இலவசமாக வாசிக்கலாம். ஊரில் ஒரு மத்ரஸாவுக்கோ பாடசாலைக்கோ செயலி செய்யும் இளைஞன் இத்தனையையும் வாசித்து, பிழையில்லாமல் எழுதி முடிப்பானா? கூகுளோ பேஸ்புக்கோ தரும் ஆயத்தப் பொத்தானை ஒட்டிவிடுவான். அவனைக் குறைகூற மாட்டேன், அதுதான் அவனுக்குப் பாதுகாப்பான வழியும்கூட. ஆனால் எந்தப் பிள்ளை எந்தச் செயலிக்குள் எப்போது நுழைகிறது என்பது அந்த நிறுவனங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இத்தனை ஆவணங்களாலும் அடைக்க முடியாத இடம், நாம் வாசிக்காமல் அழுத்தும் அந்தத் திரை. 2017 மே 3 ஆம் திகதி, தெரிந்தவர் ஒரு கோப்பைப் பகிர்ந்ததாகப் பலருக்கு மின்னஞ்சல் வந்தது. அழுத்தினால் கூகுளின் உண்மையான அனுமதித் திரையே வந்தது. அனுமதி கேட்ட செயலியின் பெயர் "கூகுள் டொக்ஸ்". யாரோ ஒருவர் தன் செயலிக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தார். அனுமதித்தவர்களின் மின்னஞ்சலுக்குள் அது நுழைந்து, அவர்களுடைய தொடர்பிலிருந்த எல்லோருக்கும் அதே அஞ்சலை அனுப்பியது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் கூகுள் அதை நிறுத்தியது. அங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை, கதவைத் திறந்து விட்டவர்கள் வீட்டுக்காரர்களே.

ஒரு வகுப்பாசிரியரின் டிரைவில் நாற்பது பிள்ளைகளின் பெயர், முகவரி, பெற்றோரின் தொலைபேசி இலக்கம், புள்ளிப் பட்டியல் எல்லாம் இருக்கும். அவை அமானிதம். வினாவிடைச் செயலி ஒன்று டிரைவ் முழுவதையும் பார்க்க அனுமதி கேட்டால், அங்கே கைச்சாத்திடுவது ஆசிரியர் தன் பெயரில் மாத்திரமல்ல, அந்த நாற்பது குடும்பங்களின் பெயரிலும்தான்.

செயலியைத் தொலைபேசியிலிருந்து அழித்தால் அனுமதியும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. கடவுச்சொல்லை மாற்றினாலும் எல்லா அனுமதிகளும் நீங்குவதில்லை. கூகுள் கணக்கின் அமைப்புகளில், உங்கள் கணக்கோடு இணைந்துள்ள மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. பேஸ்புக்கில் செயலிகளும் வலைத்தளங்களும் என்ற பகுதியைப் பாருங்கள். பெயரே ஞாபகமில்லாத செயலி அங்கே இருந்தால் நீக்கிவிடுங்கள். பிள்ளைகளின் கணக்குகளிலும் அவர்களைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள்.