நொய்யல் தண்ணீரின் உப்பு: நிபுணர் கணக்கும் விவசாயி கணக்கும்

திருப்பூர்ப் பக்கம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்து போவது புதிய செய்தி அல்ல. முன்பெல்லாம் பனியன் தொழில் எப்படி வளர்ந்தது என்று கேட்டு வந்தார்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் வெளியிட்ட நூலில், காட்டில் உழைத்த கவுண்டர் குடும்பங்களிலிருந்து வந்த தொழிலாளர்களே கம்பெனி முதலாளிகளாக ஆன விதத்தை விரிவாக எழுதியிருக்கிறார். இப்போது வருகிறவர்களின் கேள்வி வேறு. சுற்றுப்புறம் கெடாமல் தொழில் நடக்கிறது என்று முடிவு செய்வது யார், எதை அளந்து முடிவு செய்கிறார்கள், அந்த அளவை ஆற்றங்கரைக்காரர்கள் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதே அது. நொய்யல் விவசாயிகள் இந்தக் கேள்வியை முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறார்கள்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் இதன் குறுக்கே கட்டிய அணை 1992-ல் திறக்கப்பட்டது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்பது திட்டம். சில வருஷங்களுக்குள் அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. தண்ணீர் தேக்கியதால் வளம் பெற வேண்டிய நிலங்கள், அதே தண்ணீர் வேண்டாம் என்று மறுக்கும் நிலைக்கு வந்தன. அணை திறந்து நாலு வருஷத்தில், 1996-ல், கரூர்ப் பக்கத்து வாய்க்கால் விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

கழிவைச் சுத்தம் செய்ய அன்று நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து சாயத்தைப் படிய வைத்தார்கள். வெளியே வந்த தண்ணீரில் நிறம் குறைந்தது. பார்த்தவர்களுக்குத் திருப்தி. ஆனால் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கொஞ்சம் கவனித்தால் மற்ற விஷயம் புரியும். சாயம் துணியைப் பற்றிக்கொள்வதற்காகச் சாதாரண உப்போ, கிளாபர் உப்போ தொட்டியில் போடுகிறார்கள். அடர்ந்த நிறமானால் ஒரு கிலோ துணிக்கு அரை கிலோ அளவுக்குக்கூட உப்பு போவதுண்டு. இந்த உப்பைத் துணி எடுத்துக்கொள்வதில்லை. அவ்வளவும் கழிவுத் தண்ணீரோடு வந்துவிடுகிறது. சுண்ணாம்பு போட்டுப் படிய வைத்தால் கரைந்த உப்பு படியாது. நிறம் போன தண்ணீரிலும் உப்பு அப்படியே இருந்தது.

விவசாயிக்கு இது தெரிய ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கவில்லை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாய்க்கால் ஓரம் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும். வெங்காயமும் பயறும் முதலில் சுணங்கும். பருத்தி ஓரளவு தாங்கும். அதே பருத்தியை வெளுத்துச் சாயமிடத்தான் இத்தனை உப்பும் என்பது வேடிக்கை.

அதிகாரிகள் காட்டிய அளவு ஒன்று உண்டு. லிட்டருக்கு 2,100 மில்லி கிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் கழிவை வெளியே விடலாம் என்பது அந்த அளவு. இதை நிலத்துக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர் பிடிக்கும். அனுமதித்த அளவிலேயே உப்பு இருப்பதாக வைத்துக்கொண்டாலும் ஒரு தண்ணீருக்கு 400 கிலோவுக்கு மேல் உப்பு நிலத்தில் இறங்கும். ஒரு பயிருக்குப் பத்துத் தண்ணீர் என்றால் நாலு டன். பயிர் தண்ணீரைக் குடிக்கும், வெயில் மிச்சத்தைக் குடிக்கும், உப்பு மண்ணில் நிற்கும். சட்டப்படி குற்றமில்லாத தண்ணீர் இது!

பாசனத் துறையின் அளவுகோலே வேறு. அமெரிக்காவில் ரிவர்சைடு ஆய்வுக்கூடம் 1954-ல் வகுத்து நம் நாட்டிலும் பயன்படும் பாகுபாட்டின்படி, மின் கடத்தும் திறன் 2.25-க்கு மேலானால் சாதாரண நிலையில் பாசனத்துக்கு உதவாது. 2,100 மில்லி கிராம் என்பது ஏறக்குறைய 3.3 ஆகும். கழிவை விடலாம் என்றதும் ஒரு விஞ்ஞானம், பயிருக்கு விடாதே என்றதும் ஒரு விஞ்ஞானம். விவசாயிகள் விஞ்ஞானத்துக்கு விரோதமாகப் பேசினார்கள் என்று சொன்னவர்கள் இந்த இரண்டாவது ஏட்டைப் புரட்டவில்லை போலும்.

வழக்கு நடந்தது. இழப்பை மதிப்பிட அமைத்த சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004 டிசம்பரில் 28,596 பேருக்கு ரூ.24.79 கோடி தர வேண்டும் என்றது. தலைக்கு சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. நஷ்டக் கணக்குப் போட்டதே பெரிது என்றாலும், உவராகிப்போன கிணற்றுக்கு அந்தத் தொகை என்ன ஈடு? நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது. ஆற்றுக்குக் கழிவே வரக்கூடாது. அந்த நிலையை எட்டும் வரை லிட்டருக்கு 6 காசில் தொடங்கி உயர்ந்து போகும் அபராதம் கட்ட வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28-ல் எழுநூறுக்கு மேற்பட்ட சாய, வெளுப்புப் பட்டறைகளை மூட உத்தரவாயிற்று.

அன்று அடுப்பு அணைந்தது பட்டறைக்காரர் வீட்டில் மட்டுமல்ல. வேலைக்குப் போனவர்களில் நொய்யல் விவசாயிகளின் மக்களும் உண்டு. கிணற்றுத் தண்ணீரை லாரிக்கு விற்றுப் பட்டறைகளுக்கு அனுப்பிய விவசாயிகளும் இருந்தார்கள். சின்னப் பட்டறைக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு நியாயம் பேசினார்கள். சவ்வு வைத்து வடித்து, மிச்ச உப்பு நீரைக் காய்ச்சி உலர்த்துவதற்கு மின்சாரமும் விறகும் மலைபோல் வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற அத்தனை எரிபொருளா, துணி வாங்கும் வெளிநாட்டுக்காரன் அந்தச் செலவில் பங்கு தருகிறானா என்றார்கள். இதற்குச் சரியான பதில் இன்னும் யாரும் சொல்லவில்லை.

இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவை வெளியே விடாத முறையில் இயங்குகின்றன. நீரும் உப்பின் ஒரு பகுதியும் திரும்பச் சாயத்துக்கே போகின்றன. திருப்பூர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. வேறு எங்கும் எளிதில் காண முடியாத காரியந்தான். ஆனால் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் இருக்கிறது. சட்டையில் தைக்கும் சீட்டும் எல்லாவற்றுக்கும் சாட்சி ஆகாது. ஓக்கோ-டெக்ஸ் 100 என்ற முத்திரை துணியில் தீங்கான பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆற்றைப் பார்ப்பது அல்ல. துணி சுத்தம் என்றால் கிணறும் சுத்தம் என்று யாராவது சொன்னால், எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்று கேட்கலாம்.

அப்படிக் கேட்க விவசாயியின் கையிலும் கணக்கு இருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை, கோடையில் மே மாதமும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியிலும், ஒரே கிணற்றில் மாதிரி எடுப்பது நல்லது. மோட்டாரைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, அரை லிட்டருக்குக் குறையாமல் பிடிக்க வேண்டும். சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, தாமதிக்காமல் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். தருகிற சீட்டில் மின் கடத்தும் திறனையும் சோடியத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டுத் தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் பலன் உண்டு. வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் வாங்குவது வீண் செலவு. அதற்கு வடிகால் வெட்டி, நல்ல தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். நொய்யல் கரையில் அந்த நல்ல தண்ணீருக்கு மழையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மழைக்கு முன்பே வரப்பை உயர்த்தி, கடைமடையில் வடிகாலைத் திறந்து வைத்தவர்கள் வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை இறக்கலாம். பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு நோட்டில் ஒட்டி வைக்கவும்.