பழைய சீருடைகளின் விலையும் பெறுமதியும்

2019 நவம்பரில் ஜேர்மனியின் மியூனிக் நகரை அண்டிய ஏலவிற்பனை நிலையமொன்றில், ஹிட்லருக்குரியதெனக் கூறப்பட்ட தொப்பியொன்று 50 ஆயிரம் யூரோவுக்கு விலைபோனது. அதனை வாங்கியவர் நாஸி அபிமானி அல்லர். லெபனானில் பிறந்து சுவிட்சர்லாந்தில் தொழில்புரியும் வர்த்தகரான அப்துல்லா ஷட்டிலா என்பவரே அதனையும் வேறு சில பொருட்களையும் ஏறத்தாழ 6 இலட்சம் யூரோ செலவிட்டு வாங்கினார். இவை நவ நாஸிகளின் கைகளுக்குச் சென்றுவிடக்கூடாது என்பதே தமது நோக்கம் எனக் கூறிய அவர், அவற்றை யூத அமைப்பொன்றிடம் ஒப்படைத்தார். இந்தச் செயலைப் பலர் பாராட்டினர். எனினும், அதற்கு முன்னரே எழுந்திருக்க வேண்டிய கேள்வியொன்று உண்டு. இவ்வாறான உடைகளுக்கு இத்தகைய விலை எவ்வாறு உருவாகிறது?

பழைய நாணயமோ முத்திரையோ கசங்கினால் விலை குறையும். சீருடையின் விதி வேறு. இலண்டன் கிரீனிச்சிலுள்ள தேசிய கடல்சார் நூதனசாலையில், 1805 ஒக்டோபர் 21ஆம் திகதி திரபல்கார் கடற்சமரில் நெல்சன் பிரபு அணிந்திருந்த மேலங்கி வைக்கப்பட்டுள்ளது. அதன் இடது தோளில் துப்பாக்கி ரவை துளைத்த ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டைதான் அதன் பெறுமதி. அவரது உடலிலிருந்து எடுக்கப்பட்ட ரவை, தோளணியின் பொன்னிழைத் துணுக்குகள் ஒட்டிய நிலையில் வின்சர் கோட்டையில் இருக்கிறது. துணியும் ரவையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. அந்த அங்கி எம்மா ஹமில்டனிடம் சென்று, பின்னர் கைமாறி, 1845இல் விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேர்ட் இளவரசரால் 150 பவுணுக்கு வாங்கப்பட்டு நாட்டுக்கு வழங்கப்பட்டது. யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்ற இந்தத் தொடர் அறுபடாமல் இருப்பதே சீருடையொன்றின் முதலாவது சான்றிதழாகும்.

பெரும்பாலான சீருடைகளுக்கு இத்தகைய வரலாறு கிடையாது. விற்பவர் சொல்லும் கதை மட்டுமே உண்டு. அதனாலேயே, கதையை நம்பி வாங்காமல் பொருளைப் பார்த்து வாங்கவேண்டும் என்பது சேகரிப்பாளர்களிடையே வேதவாக்காக உள்ளது. பொருளைப் பார்ப்பதென்றால் முதலில் தையலைப் பார்ப்பதாகும். உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை எடுத்து எரித்தால், கம்பளி கருகும்போது தலைமயிர் எரியும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் இழையோ உருகிச் சிறு மணிபோல இறுகிவிடும். பொலியெஸ்டர் பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்பட்டது 1941இல். சந்தைக்கு வந்தது யுத்தத்திற்குப் பின்னர். எனவே அந்நூலால் தைக்கப்பட்ட 1940ஆம் ஆண்டுச் சட்டை எவ்வாறானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புறஊதா விளக்கின் கீழ் பிடித்தால், பிற்கால நூல்களிலுள்ள வெண்மைகூட்டும் இரசாயனம் நீலவெள்ளையாக ஒளிரும். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. உண்மையான பழைய துணியை யாரேனும் இன்றைய சலவைத்தூளில் தோய்த்திருந்தாலும் அது ஒளிரும். ஒரு சோதனையை மாத்திரம் வைத்துத் தீர்ப்புக் கூற முடியாது.

இரண்டாம் உலக யுத்தகால ஜேர்மன் இராணுவச் சட்டையை அறிந்தவர்கள், துணியைத் தொட்டே ஆண்டைக் கணிப்பார்கள். 1936ஆம் ஆண்டு மாதிரிக்குக் கரும்பச்சைக் கழுத்துப்பட்டியும் மடிப்பு வைத்த பைகளும் இருந்தன. யுத்தம் தொடங்கியதும் கழுத்துப்பட்டியின் பச்சை நிறம் மறைந்தது. 1943ஆம் ஆண்டளவில் பைகளின் மடிப்பும் போயிற்று. 1944இல் சட்டையே இடுப்பளவுக்குக் குறுகிவிட்டது. கம்பளியில் கலந்த செயற்கை இழையின் அளவோ ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே சென்றது. தளபதிகளின் அறிக்கைகள் மறைத்த தோல்வியைத் தையற்காரரின் கத்தரிக்கோல் மறைக்கவில்லை.

முழுப் போலியைவிட ஆபத்தானது பாதிப் போலியாகும். சாதாரணச் சிப்பாயின் உண்மையான சட்டையில் உயர் அதிகாரியின் சின்னங்களைத் தைத்துவிட்டால் விலை பல மடங்காகும். சின்னத்தைச் சற்றே உயர்த்திப் பார்த்தால் இது பிடிபடும். நீண்டகாலம் மூடப்பட்டிருந்த துணி வெளுக்காமல் இருக்கவேண்டும். இல்லையெனில் சின்னம் நேற்று வந்ததாகும்.

அரசியல் சீருடைகளின் கதை இன்னும் சிக்கலானது. இத்தாலியில் கறுப்புச் சட்டை, ஜேர்மனியில் கபிலச் சட்டை, எகிப்தில் பச்சைச் சட்டையும் நீலச் சட்டையும், லாகூரில் காக்கி உடையும் மண்வெட்டியுமாக அணிவகுத்த காக்ஸார்கள் என, இரு யுத்தங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கட்சிகளும் இயக்கங்களும் தமது தொண்டர்களுக்குப் படைவீரரின் தோற்றத்தைக் கொடுத்தன. பிரித்தானியா 1936இல் சட்டமியற்றிப் பொது இடங்களில் அரசியல் சீருடை அணிவதைத் தடைசெய்தது. இன்றைய ஜேர்மனியில் நாஸிச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவது குற்றம். ஆய்வு, கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்குண்டு. பிரெஞ்சு நீதிமன்றமொன்று 2000ஆம் ஆண்டில், நாஸிப் பொருட்களின் இணைய ஏலத்தைப் பிரான்ஸிலுள்ளோர் அணுக முடியாதவாறு தடுக்கும்படி யாஹூ நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. வர்த்தகம் நின்றுவிடவில்லை. இடம்தான் மாறியது.

இந்தச் சந்தையில் உட்பக்கத்துத் தயாரிப்பாளர் சீட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. ஹியூகோ பொஸ் என்ற பெயர் இருந்தால் விலை உயரும். கறுப்பு எஸ்.எஸ். சீருடையை வடிவமைத்தது அந்நிறுவனமே எனப் பலரும் நம்புகின்றனர், அது தவறு. அந்நிறுவனம் தைத்துக் கொடுத்தது, அவ்வளவே. ஆனால், அந்தத் தையற்கூடத்தில் போலந்தையும் பிரான்ஸையும் சேர்ந்த ஏறத்தாழ 180 பேர் கட்டாய உழைப்பாளிகளாக வைக்கப்பட்டிருந்தனர் என்பதை நிறுவனமே பணித்த ஆய்வு 2011இல் வெளிப்படுத்தியது. நிறுவனமும் வருத்தம் தெரிவித்தது. ராவன்ஸ்புரூக் வதைமுகாமிலோ, கைதிகளான பெண்களே எஸ்.எஸ். படைக்கான உடைகளைத் தைத்தனர். விலைப்பட்டியல்களில் சின்னம், பதவி, தயாரிப்பாளர், பழுது எல்லாம் எழுதப்படுகின்றன. தைத்த கை எழுதப்படுவதில்லை.

அந்தக் கைதிகள் அணிந்த உடைக்கும் ஒரு விலை உண்டு. 2015இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில், இறந்தவர் வீட்டுப் பொருட்களின் விற்பனையொன்றில், அலுமாரிக்குள் தொங்கிய கோடுபோட்ட சட்டையொன்றைப் பெண்ணொருவர் 2 டொலருக்கு வாங்கினார். அது டக்காவ் வதைமுகாமின் கைதிச் சட்டை. அதிலிருந்த இலக்கத்தைக் கொண்டு, அதனை அணிந்தவர் லிதுவேனியாவைச் சேர்ந்த, உயிர் தப்பிய யூதர் ஒருவர் என்பது உறுதியாயிற்று. இப்போது அது குவீன்ஸ்பரோ சமூகக் கல்லூரியின் நினைவு நிலையத்தில் வரலாற்றுச் சான்றாக உள்ளது. இலக்கம் மட்டும் உதிர்ந்து போயிருந்தால், அது வெறும் பழந்துணியாகவே முடிந்திருக்கும்.

எமது வீடுகளின் அலுமாரிகளிலும் இவ்வாறான உடைகள் இல்லாமலில்லை. மலாயர்கள் பெருமளவில் சேவையாற்றிய இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையில் எல்லா இனத்தவரும் இருந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் உறவினர்கள் இங்கும் இருக்கக்கூடும். அப்படையின் சீருடைகளும் பதக்கங்களும் 2019இல் டில்லி செங்கோட்டையில் திறக்கப்பட்ட நூதனசாலையில் உள்ளன. பாட்டனாரின் பழைய சட்டையோ தொப்பியோ கிடைத்தால் அதனைத் தோய்க்கவேண்டாம். பித்தளைப் பொத்தான்களை பிராசோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்தால் எழுத்து அழியும். கம்பியில் தொங்கவிடாமல், பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் மடிப்புத் தளர்வாக வைப்பதே போதுமானது. அணிந்தவரின் பெயர், படைப்பிரிவு, ஆண்டு, யாரிடமிருந்து வந்தது ஆகியவற்றை ஒரு தாளில் பென்சிலால் எழுதி உடன் வைக்கவேண்டும். விபரம் சொல்லக்கூடிய மூத்தவர் வீட்டில் இருக்கும்போதே அதனைச் செய்வது நல்லது.