உஷார்! காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்டம்

மழை பிடித்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் எங்கள் கிளினிக் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும் சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் டெங்குவும் இருக்கும். முதல் இரண்டு நாளில் பார்வையை வைத்து மட்டும் இது அது என்று பிரித்துச் சொல்ல டாக்டராலும் முடியாது.

அதனால்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே ஒன்றை அடித்துச் சொல்கிறோம்: டெங்குவில் உயிரைக் குடிக்கும் கட்டம், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்குகிறது. எல்லோரும் "அப்பாடா" என்று மூச்சு விடுகிற அந்த நேரத்தில்!

"நேத்து ராத்திரியே காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர். ஆனா புள்ள எதுவும் சாப்பிட மாட்டேங்குறான், தூங்கிக்கிட்டே இருக்கான்" என்று ஒரு அம்மா சொன்னால் எங்களுக்கு அடிவயிறு கலங்கும். பையனின் நெற்றி ஜில்லென்று இருக்கும். வீட்டில் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளங்கையும் பாதமும் அதே ஜில். விரல் நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும், திரும்பாது. நாடி மெலிந்து வேகமாக ஓடும். "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டால், அம்மாவும் பாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைக்கு இனி ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

டெங்கு காய்ச்சல் 2 முதல் 7 நாள் வரை கொதிக்கும். பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். நிறையப் பேருக்கு நோய் அத்தோடு முடிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும், அதே நேரத்தில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள், மண்பானையில் தண்ணீர் கசிவதுபோலக் கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் போய்த் தேங்கும். உள்ளே மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகும், பிரஷர் இறங்கும். இந்தக் கண்டம் 24 முதல் 48 மணி நேரம். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்து, அளந்து திரவம் ஏற்றிவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். கசிவு தானாக நிற்கும். சரியான நேரத்தில் சரியான சிகிச்சை கிடைத்தால் டெங்குவில் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. காய்ச்சல் விட்டதே என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால்தான் கை மீறிப் போகிறது.

2012-ல் தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்து 66 பேர் இறந்தார்கள். 2017-ல் 23,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. 65 உயிர்கள் போயின. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகை மறுபடி வராது; மற்ற மூன்றும் வரலாம். இரண்டாவது முறை வருவது முதல் முறையைவிடக் கடுமையாகும் வாய்ப்பும் அதிகம். "போன வருஷமே வந்துடுச்சு, இனி வராது" என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு

காய்ச்சல் இருந்தாலும் சரி, விட்டிருந்தாலும் சரி:

- விடாத வயிற்று வலி; வயிற்றைத் தொட்டாலே வலிப்பது
- ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ வாந்தி
- ஈறு, மூக்கில் ரத்தம்; கறுப்பாக மலம் போவது; பெண்களுக்கு வழக்கத்தைவிட அதிக ரத்தப்போக்கு
- கூப்பிட்டால் திரும்பாத அசதி, அல்லது காரணமில்லாமல் நச்சரித்து அழுவது
- கை கால் ஜில்லிட்டுப்போவது, எழுந்தால் தலைசுற்றல்
- மூச்சு வாங்குவது
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது

நடுராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் காய்ச்சல் வந்த முதல் நாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மெடிக்கலில் "ரெண்டு செட் மாத்திரை" கேட்காதீர்கள்

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்த மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். டெங்குவில் இவை வயிற்றைப் புண்ணாக்கி ரத்தக்கசிவைத் தூண்டும். "ஒரு ஊசி போட்டாத்தான் விடும்" என்று இடுப்பில் போட்டுக்கொள்ளும் ஊசியும் வேண்டாம். தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். இதய நோய்க்காக தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். எடைக்குத் தகுந்த அளவு, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. குழந்தைகளின் சிரப்பில் ரொம்ப ஜாக்கிரதை. ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கிற பாட்டிலும் உண்டு, 250 இருக்கிற பாட்டிலும் உண்டு. போன தடவை தம்பிக்கு வாங்கி மிச்சம் வைத்ததை அதே மூடியளவில் அக்காவுக்கு ஊற்றினால் அளவு பாதியாகிவிடலாம், இரட்டிப்பாகிவிடலாம். பாராசிட்டமாலோடு இபுப்ரோஃபென் கலந்த சிரப்பும் கடையில் இருக்கிறது. லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

"பலவீனமா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வற்புறுத்தாதீர்கள். கசிவு நின்றபின் வெளியே போன நீர் மறுபடி ரத்தத்துக்குள் திரும்பி வரும். அந்த நேரத்தில் அளவில்லாமல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

பிளேட்லெட் மட்டும் பார்த்தால் போதாது

ரிப்போர்ட் வந்ததும் வீடே பிளேட்லெட் எண்ணைத்தான் பார்க்கிறது. அது ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனாலே ரத்தம் ஏற்றச் சொல்லி அலறுகிறார்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றப் பொதுவாகத் தேவையில்லை. அதே தாளில் பி.சி.வி. என்று இன்னொரு எண் இருக்கும். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதை அதுதான் காட்டும். பிளேட்லெட் சட்டென்று இறங்கி, பி.சி.வி. ஏறினால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். டாக்டரிடம் இரண்டையும் கேளுங்கள். டெங்குவைக் கண்டறியும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் செய்தால்தான் பயன்; அது நெகட்டிவ் என்று வந்தாலும் டெங்கு இல்லவே இல்லை என்று ஆகிவிடாது.

நிலவேம்புக் குடிநீரை அரசு மருத்துவமனைகளிலேயே கொடுக்கிறார்கள், குடிக்கலாம். ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பப்பாளி இலைச் சாறு குழாய்க் கசிவை நிறுத்தாது. கசப்பு தாங்காமல் குழந்தை வாந்தி எடுத்தால் உள்ளே இருக்கிற நீரும் போய்விடும்.

வீட்டில் வைத்துப் பார்க்கும்போது

காய்ச்சல் தொடங்கிய நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும்; 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ரத்தம் ஊறும் என்று பீட்ரூட் ஜூஸ் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் அது ரத்தமா சாயமா என்று தெரியாமல் போய்விடும். எத்தனை மணிக்குச் சிறுநீர் போனது என்று எழுதி வையுங்கள்.

காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசு வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கிற கொசு, அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் வீட்டில் மற்றவர்களுக்கும் அந்த வைரஸைக் கொண்டுபோகும்.

கொசு உங்கள் வீட்டில்தான் பிறக்கிறது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். சாக்கடையைவிட நாம் பிடித்துவைக்கிற நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். வெகுதூரம் பறக்கவும் பறக்காது. உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

இப்போதே போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். டார்ச் அடித்தால், தண்ணீரின் மேல்பரப்பில் நூல் துணுக்குகள் தலைகீழாகத் தொங்குவதுபோலத் தெரியலாம். தட்டை லேசாகத் தட்டினால் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கும். அவைதான் கொசுப்புழுக்கள். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். பூந்தொட்டித் தட்டு, ஆட்டுக்கல் குழி, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடி சரியாகப் பொருந்தாத சின்டெக்ஸ் டேங்க் என எதையும் விடாதீர்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு நாள் உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் வேறு காய்ச்சல்களும் வரும். தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடம்பில் சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த புண் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு. டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் விட்டவுடன் பிள்ளைக்கு யூனிஃபார்ம் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். இரண்டு முழு நாள் கண்முன்னே வைத்துப் பாருங்கள். கை கால் சூடாக இருக்கிறதா, சாப்பிடுகிறானா, விளையாடக் கேட்கிறானா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா? எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றால் கண்டம் தாண்டியாயிற்று. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் கிளம்புங்கள். சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அனாவசியமாக வந்துவிட்டீர்களே என்று எந்த டாக்டரும் கோபிக்க மாட்டார். நாங்கள் பயப்படுவதெல்லாம் தாமதமாக வருகிற பிள்ளைகளை நினைத்துத்தான்.