ஜானி கேஷ் பாராட்டு இசைவிழா (1999)

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷைப் போற்றும் வகையில், 1999 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் நகரின் ஹாமர்ஸ்டைன் பால்ரூம் அரங்கில் ஓர் இசைவிழா நடைபெற்றது. தொலைக்காட்சிக்காகப் படம்பிடிக்கப்பட்ட இந்நிகழ்ச்சி, அதே மாதம் 18ஆம் நாள் டி.என்.டி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. நோயின் காரணமாக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் மேடை ஏறாமல் இருந்த கேஷ், விழாவின் முடிவில் தாமே மேடைக்கு வந்து பாடினார். இதுவே இந்நிகழ்ச்சியின் தனிச்சிறப்பாகும்.

ஒரு கலைஞரின் பாடல்களைப் பிற கலைஞர்கள் கூடிப் பாடும் நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் வழங்குகிறது. தமிழில் மறைந்தவருக்குச் செய்வதை அஞ்சலி என்றும், வாழ்பவருக்குச் செய்வதைப் பாராட்டு என்றும் பிரித்துச் சொல்கிறோம். அந்த வகையில் 1999ஆம் ஆண்டு நிகழ்ச்சி அஞ்சலி அன்று, பாராட்டு.

ஜானி கேஷ்

ஜானி கேஷ் 1932 பிப்ரவரி 26 அன்று அர்கன்சா மாநிலத்தின் கிங்ஸ்லாந்து என்னும் ஊரில் பிறந்தார். பருத்தி பயிரிடும் எளிய குடும்பத்தில் வளர்ந்த அவர், அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய பின் மெம்பிஸ் நகருக்கு வந்தார். அங்கு சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1955இல் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. மறு ஆண்டு வெளிவந்த 'ஐ வாக் த லைன்' அவரை நாடறியச் செய்தது.

கன்ட்ரி இசை அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமப்புறங்களில் வேரூன்றியது. கித்தார், பிடில், பாஞ்சோ ஆகியவை இதன் முக்கியக் கருவிகள். பாட்டுக்குள் ஒரு கதை இருப்பது இதன் இயல்பு. கேஷின் பாடல்களில் கைதிகள், தொழிலாளர்கள், ரயில் பயணிகள் ஆகியோர் அடிக்கடி வருகின்றனர். 1968இல் கலிபோர்னியாவின் பால்சம் சிறைக்குள் கைதிகள் முன்னிலையில் அவர் பாடிப் பதிவு செய்த இசைத்தொகுப்பு மிகவும் புகழ்பெற்றது.

தொடக்கத்தில் அவருடைய குழுவில் இருந்தவர்கள் மூவர் மட்டுமே: கேஷ், கித்தார் வாசித்த லூதர் பெர்கின்ஸ், பேஸ் வாசித்த மார்ஷல் கிராண்ட். மேளம் வாசிக்க ஆள் இல்லை. அதனால் கேஷ் தம் கித்தாரின் தந்திகளுக்கு இடையே ஒரு காகிதத்தைச் செருகி வாசித்தார். தந்தியின் நாதம் அடங்கி, சிறு மேளத்தைக் குச்சியால் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. ரயில் ஓட்டத்தை நினைவூட்டும் அந்தத் தாளம் அவருடைய இசையின் அடையாளமாயிற்று.

நோயும் ஓய்வும்

1997 அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் பாடிக்கொண்டிருந்தபோது, கீழே விழுந்த கித்தார் வில்லையை எடுக்கக் குனிந்த கேஷ் தடுமாறினார். வேடிக்கை என்று எண்ணிச் சிலர் சிரித்தனர். தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக அவர் அப்போது மேடையிலேயே தெரிவித்தார். அத்துடன் அவருடைய இசைப் பயணம் நிறுத்தப்பட்டது. பின்னர் மருத்துவர்கள் அதை ஷை-டிரேகர் என்னும் நரம்பு நோய் எனக் கூறினர்; அந்த முடிவும் பிற்காலத்தில் மாற்றப்பட்டது. நிமோனியா காய்ச்சலும் அவரை வாட்டியது. அவர் மீண்டும் பாடுவாரா என்பதே ஐயமாக இருந்த நிலையில்தான் இந்த விழா ஏற்பாடானது.

விழா நிகழ்வுகள்

நடிகர் ஜான் வாய்ட் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். வில்லி நெல்சன், கிறிஸ் கிறிஸ்டோபர்சன், ஷெரில் குரோ, மேரி சேப்பின் கார்பென்டர், டிரிஷா இயர்வுட், மார்ட்டி ஸ்டூவர்ட் உள்ளிட்ட பலர் கலந்துகொண்டனர். இவர்களில் நெல்சனும் கிறிஸ்டோபர்சனும் ஹைவேமென் என்ற நால்வர் குழுவில் கேஷுடன் சேர்ந்து பாடியவர்கள்.

பாடியவர்கள் அனைவரும் கன்ட்ரி இசையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஹெய்ட்டியில் பிறந்த ராப் கலைஞர் வைக்ளெப் ஜான், 'டீலியாஸ் கான்' என்ற பழைய கொலைக்கதைப் பாடலைத் தம் பாணியில் வழங்கினார். ராக் பாடகர் டேவ் மேத்யூஸ், எமிலூ ஹாரிசுடன் இணைந்து 'லாங் பிளாக் வெய்ல்' பாடினார். கேஷின் மனைவி ஜூன் கார்ட்டர், 'ரிங் ஆப் பயர்' பாடலைப் பாடினார். கேஷின் குரலில் 1963இல் புகழ்பெற்ற இப்பாடலை மெர்ல் கில்கோருடன் சேர்ந்து எழுதியவர் அவரே. ஆகவே அன்று பாடலின் ஆசிரியரே அதைப் பாடினார் எனலாம்.

படப்பதிவின் பங்கு

இவ்விழாவில் படப்பதிவு வெறும் ஆவணமாக மட்டும் நிற்கவில்லை. நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகவும் அமைந்தது. நேரில் வராத மூன்று தரப்பினர் தங்கள் பாடல்களைத் தனியே படம்பிடித்து வழங்கினர். பாப் டிலன் 'டிரெயின் ஆப் லவ்' பாடலையும், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'கிவ் மை லவ் டு ரோஸ்' பாடலையும், அயர்லாந்தின் யூ2 குழுவினர் 'டோன்ட் டேக் யுவர் கன்ஸ் டு டவுன்' பாடலையும் பாடினர். இவர்களுள் டிலன் 1969இல் தம் இசைத்தொகுப்பில் கேஷுடன் இணைந்து பாடியவர். யூ2 குழுவின் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு பாடலைக் கேஷ் பாடியுள்ளார். முன்பு பெற்றதற்கு அவர்கள் செய்த கைம்மாறாகவும் இதைக் கொள்ளலாம்.

கேஷ் மேடை ஏறுதல்

இறுதியில் கேஷ் மேடைக்கு வந்து 'பால்சம் பிரிசன் புளூஸ்', 'ஐ வாக் த லைன்' ஆகிய பாடல்களைப் பாடினார். அவருக்குப் பேஸ் வாசித்தவர் மார்ஷல் கிராண்ட். 1980இல் ஏற்பட்ட மனக்கசப்பால் இருவரும் பிரிந்து, வழக்கு வரை சென்றிருந்தனர். லூதர் பெர்கின்ஸ் 1968இலேயே ஒரு தீ விபத்தில் காலமாகிவிட்டார். எனவே தொடக்கக் குழுவில் எஞ்சியிருந்த இருவரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர்.

குரலில் தளர்ச்சி இருந்தபோதிலும் தாளம் பிசகவில்லை. அதுவரை பிறர் தத்தம் பாணியில் பாடியவற்றைக் கேட்டிருந்த பார்வையாளர்கள், இறுதியில் மூலக் குரலையே கேட்டனர். மறைந்த கலைஞருக்கு நடத்தும் நிகழ்ச்சியில் இவ்வாய்ப்பு இல்லை.

பிற்காலம்

இதற்குப் பின் கேஷ் பழையபடி ஊர் ஊராகச் சென்று பாடவில்லை. ஆனால் ஒலிப்பதிவைக் கைவிடவில்லை. தயாரிப்பாளர் ரிக் ரூபினுடன் 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் இரு இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். இரண்டாவதில் இடம்பெற்ற 'ஹர்ட்' பாடலும் அதன் காணொளியும் புதிய தலைமுறையிடம் அவரைக் கொண்டு சேர்த்தன. ஜூன் கார்ட்டர் 2003 மே 15 அன்றும், ஜானி கேஷ் அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்றும் காலமாயினர்.

கேஷின் 80ஆம் பிறந்த ஆண்டையொட்டி, 2012 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் மற்றோர் இசைவிழா நடத்தப்பட்டு, அதுவும் படமாக வெளிவந்தது. அதில் ஹைவேமென் குழுவின் புகழ்பெற்ற பாடலை நெல்சனும் கிறிஸ்டோபர்சனும் மீண்டும் பாடினர். மறைந்த வேலன் ஜென்னிங்சின் பகுதியை அவருடைய மகன் ஷூட்டர் ஜென்னிங்சும், கேஷின் பகுதியை ஜேமி ஜான்சனும் பாடினர். பாடல்கள் அடுத்த தலைமுறைக்குச் செல்வதை 2012ஆம் ஆண்டுப் படம் காட்டுகிறது. பாராட்டைத் தம் காதாலேயே கேட்டு, அதற்குப் பாட்டாலேயே மறுமொழி தந்த கலைஞரை 1999ஆம் ஆண்டுப் படத்தில் காணலாம்.