தளர்ந்த நாளமும் வற்றிய நாளமும்

இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால் மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாம் உயிர்வளி கிடைக்காமல் சில மணி நேரத்திலேயே பழுதாகத் தொடங்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கவனிக்கப்படுவது சராசரி அழுத்தம். மேல் எண்ணுடன் கீழ் எண்ணின் இருமடங்கைக் கூட்டி மூன்றால் வகுத்தால் அது கிடைக்கும். 85/40 என்றால் 55. பெரியவர்களுக்கு இது 65-க்குக் குறையக்கூடாது என்பது பொதுவான இலக்கு.

அழுத்தத்தை ஏற்றும் மருந்துகள் பல உண்டு. ஆனால் அழுத்தம் ஏன் விழுந்தது என்று தெரியாமல் அவற்றைத் தொடுவது ஆபத்து. சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் ஆகிய ஜொகூர் பாருவின் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் இரு வகை நோயாளிகளையும் காணலாம்: கடுமையான கிருமித்தொற்றால் சரிந்தவர்கள், டிங்கியால் சரிந்தவர்கள்.

கிருமித்தொற்றில் இரத்த நாளங்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. ஆன்டிபயாட்டிக்கை உடனே கொடுத்து, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் என்ற கணக்கில் முதல் 3 மணி நேரத்துக்குள் சொட்டுநீர் ஏற்றுவார்கள். அழுத்தம் அப்போதும் ஏறாவிட்டால் முதலில் கொடுக்கப்படுவது நோர்அட்ரினலின். நாளங்களை இறுக்க உடலின் நரம்பு முனைகளே சுரக்கும் பொருள் இது. சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர் 1946இல் இதை இனங்கண்டார், 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முன்பு டோபமின் பெரிதும் புழங்கியது. 1,679 நோயாளிகளை வைத்து ஐரோப்பாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், டோபமின் பெற்றவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவது நோர்அட்ரினலின் பெற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. நோர்அட்ரினலின் போதாதபோது வாசோபிரசின் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள்.

நோர்அட்ரினலினின் வேலை சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதனால் ஊசி பம்ப் அதை இடைவிடாமல் செலுத்தியபடி இருக்கும். ஒரு சிரிஞ்ச் தீருமுன்பே தாதி அடுத்ததைத் தயாராக வைத்திருப்பார். மாற்றும் அந்தச் சிறு இடைவெளியிலேயே அழுத்தம் சரியக்கூடும். மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால் அங்குள்ள தசையும் தோலும் கருகிவிடும். எனவே கழுத்திலுள்ள பெரிய சிரை வழியே செலுத்துவது வழக்கம். அவசரத்தில் அதற்காகக் காத்திராமல், கையிலுள்ள நல்ல சிரையில் தொடங்கிவிடலாம்.

டிங்கியில் கதை வேறு. நாளச் சுவர் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி, உள்ளே வற்றிப்போகிறது. காய்ச்சல் விட்டதே என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது நேர்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நோயாளி தெளிவாகப் பேசுவார். மேல் எண்ணும் 100 என நன்றாகவே தெரியும். ஆனால் கீழ் எண் 85 ஆக இருக்கும். இரண்டுக்கும் இடையே 20 அல்லது அதற்கும் குறைவான வேறுபாடு இருந்தால் அது அபாய அறிகுறி. கை கால் சில்லிடுவதும் அப்படியே.

இவருக்கு முதல் மருந்து நீர்தான். அழுத்தமே விழுந்துவிட்டால் கிலோவுக்கு 20 மில்லிலிட்டர், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,200 மில்லிலிட்டர், 15 முதல் 30 நிமிடத்துக்குள் ஏற்ற வேண்டும். வற்றிய நாளத்தை நோர்அட்ரினலினால் நெரித்தால் திரையில் எண் ஏறும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தமோ இன்னும் குறையும். நீர் ஏற்றியும் தேறாவிட்டால் உள்ளே இரத்தக் கசிவு உண்டா என்று பார்த்து இரத்தம் ஏற்றுவார்கள்; இதயம் சோர்ந்திருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். அழுத்தம் ஏற்றும் மருந்துக்கு இடம் அதன் பிறகே.

கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் நின்று, வெளியேறிய நீர் தானாக நாளத்துக்குத் திரும்பும். அப்போது சொட்டுநீரை நிறுத்தாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.